உழைப்பு தீவுக்காரர்களுடையது, பேரேடு யாருடையது? டோரஸ் நீரிணையின் சிப்பித் தொழில்

கேள்வி இது: “காலனிய காலத்து முத்துத் தொழில் டோரஸ் நீரிணைத் தீவுகளின் பூர்வகுடி மக்களை எப்படிப் பாதித்தது? வேலை, படகு, காசு எல்லாம் அந்தத் தொழிலால்தானே அவர்களுக்கு வந்தன?”

வந்தன. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காசு யார் கை வழியாக வந்தது, யார் கையெழுத்துப் போட்டால் அது செலவாகும், கடலுக்குப் போகமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் என்ன நடந்தது என்று கேட்டுப் பார்த்தால் கதை வேறாகத் தெரியும். இந்தத் தொழிலின் வன்முறையைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எழுபது ஆண்டுகள் தீவுகளை இறுக்கிப் பிடித்திருந்தது அந்தக் கணக்குப் புத்தகம்தான் என்பது என் முடிவு.

முதலில் இடம். ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் கேப் யார்க் முனைக்கும் பப்புவா நியூ கினிக்கும் நடுவில் ஏறத்தாழ 150 கி.மீ. அகலத்தில் கிடக்கும் ஆழம் குறைந்த கடல் அது. 270-க்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. மக்கள் குடியிருப்பது இருபதுக்கும் குறைவானவற்றில். மேற்கிலும் நடுவிலும் கலா லகாவ் யா பேசுவார்கள். கிழக்கே மெர், எருப், உகர் தீவுகளில் மெரியம் மிர். ஆமையும் ஆவுளியாவும் (கடற்பசு) வேட்டை, கரையில் கிழங்குத் தோட்டம், வடக்கே பப்புவாக் கரையோடு பண்டமாற்று என்று ஓடிய வாழ்க்கை. சங்கும் சிப்பியும் கொடுத்து, தங்கள் தீவில் கிடைக்காத பெரிய மரத்தில் குடைந்த ஓடங்களை வாங்கினார்கள். முத்துச்சிப்பி அவர்களுக்குப் புதிதல்ல. பிறை வடிவில் அறுத்து மெருகேற்றி மார்பில் தொங்கவிட்ட அணிக்கு ‘மாய்’ என்று பெயர்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரலாம். நமக்கு முத்துக்குளிப்பு என்றால் மன்னார் வளைகுடா. அங்கே சிப்பி சிறியது. முத்துதான் சரக்கு, ஓட்டுக்குப் பெரிய மதிப்பில்லை. டோரஸ் நீரிணையில் தலைகீழ். அங்குள்ள பெரிய வெள்ளிவாய்ச் சிப்பி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். அதன் உட்புறத்துத் தடித்த பளபளப்பான ஓடுதான் சரக்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சட்டைப் பொத்தான், கத்திப்பிடி செய்ய அது போயிற்று. முத்து கிடைத்தால் அது மேல்வரும்படி. இந்த வேறுபாடு முக்கியம். மன்னாரில் பார், அதாவது சிப்பிப் படுகை, விளைந்திருக்கிறதா என்று சோதித்து, சில வாரங்கள் குளித்து, பிறகு ஆண்டுக்கணக்கில் பாரை விட்டுவிடுவார்கள். பொத்தான் தொழிற்சாலைக்கு அந்தப் பொறுமை கிடையாது. டன் கணக்கில், ஆண்டு முழுவதும் அதற்குச் சரக்கு வேண்டும். ஒரு டன் சேர ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் சிப்பி எடுக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். பிரச்சினை அங்கே தொடங்கியது.

1860களில் முதலில் வந்தவர்கள் கடல் அட்டை வியாபாரிகள். அந்தப் பத்தாண்டின் கடைசியில் சிட்னியிலிருந்து வந்த வில்லியம் பேனர் என்ற கப்பல் தலைவர் டுடு தீவில் சிப்பி எடுக்கத் தொடங்கினார். அங்கே கெபிசு என்ற வலிமையான தலைவர் இருந்தார். அவரோடு ஒத்துப்போகாமல் அங்கே யாரும் கூடாரம் போட்டிருக்க முடியாது. ஆக ஆரம்பத்தில் சில இடங்களில் பேரமும் ஒப்புதலும் இருந்தன. சரக்கின் செய்தி சிட்னியில் பரவியதும் அது போயிற்று. சில ஆண்டுகளில் பல நிறுவனங்களின் படகுகள், ரொட்டுமா, லீஃபூ, டன்னா போன்ற பசிபிக் தீவுகளிலிருந்து ஏற்றிவந்த ஆட்களோடு வந்து குவிந்தன.

ஒரு சிப்பி நிலையம் ஒரு சிறு தீவை எப்படிக் குலைக்கும் என்று பாருங்கள். மணல் தீவுகளில் நல்ல தண்ணீர் சில கிணறுகளில்தான் இருக்கும். அதை நம்பி நூறு பேர் வாழும் இடத்தில் வேற்று ஆட்கள் ஐம்பது பேர் இறங்கினால் முதலில் தண்ணீர் போகும். அடுத்தது தென்னையும் தோட்டமும். மாதக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு ஆயுதத்தோடு கரையேறும் ஆட்களால் பெண்களுக்கு நேர்ந்தது கடத்தல், சில நேரம் கொலை. எதிர்த்த ஆண்கள் சுடப்பட்டார்கள். வேலைக்கு ஆள் சேர்ப்பு என்ற பெயரில் இளைஞர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிழங்கு நடும் பருவத்தில் உடல்வலு உள்ளவர்கள் ஊரில் இல்லையென்றால் அடுத்த ஆண்டு அந்த ஊருக்குப் பசிதான். பசித்தவன் மாவுக்கும் அரிசிக்கும் சிப்பிக்காரனிடமே போய் நிற்பான். கடன் அங்கே பிறந்தது.

தென்மேற்கில் முராலக் தீவின் கௌராரெக் மக்களுக்கு நேர்ந்தது இதில் மிகக் கொடியது. 1869-இல் ஸ்பெர்வர் என்ற படகின் ஆட்கள் கொல்லப்பட்டார்கள். பழி கௌராரெக் மீது விழுந்தது. கேப் யார்க்கின் சாமர்செட்டில் இருந்த அரசு அதிகாரிகள் பூர்வகுடிக் காவல்படையோடு பழிவாங்கும் தாக்குதல்களை நடத்தினார்கள். அந்தக் கொலையைத் தாங்கள் செய்யவில்லை என்பது அம்மக்களின் மரபில் இன்றுவரை நிற்கும் வாக்கு. தாக்குதலை நடத்தியவர்களில் ஒருவரான சாமர்செட் நீதிபதி ஃபிராங்க் ஜார்டைன் மீது, அரசுப் பதவியில் இருந்தபடியே சிப்பித் தொழிலில் ஈடுபட்டார் என்ற புகாரும் எழுந்தது. சட்டமும் வியாபாரமும் அங்கே எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதற்கு இது ஒன்றே போதும்.

பிறகு நோய். 1875-இல் தட்டம்மை தீவுகளுக்குள் புகுந்தது. முன்பு அந்த நோயைக் கண்டிராத உடல்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இருக்காது. நோயைவிட இந்தக் கவனிப்பின்மைதான் அதிகம் பேரைக் கொல்லும். படகுகள் தீவுக்குத் தீவு ஓடிக்கொண்டிருந்ததால் தனித்துக் கிடந்த தீவுக்கும் நோய் போய்ச் சேர்ந்தது. காசநோயும் பால்வினை நோய்களும் பிறகு நிலைத்தே தங்கின. சில தீவுகள் முற்றிலும் ஆளொழிந்தன. டுடு மக்கள் யாமா தீவுக்குப் பெயர்ந்தார்கள்.

1871 ஜூலை 1 அன்று லண்டன் மிஷனரி சங்கத்தினர் எருப் தீவில் இறங்கினார்கள். தீவுக்காரர்கள் அந்த நாளை ‘ஒளி வந்த நாள்’ என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். பழைய வழிபாட்டை அந்த மிஷன் ஒழித்தது, புனிதப் பொருள்களை எரித்தது என்பது உண்மை. ஆனால் சிப்பிக்காரர்களின் துப்பாக்கிக்கு எதிரே நின்று பேச ஒரு வெள்ளைக்கார ஆதரவு அந்த மக்களுக்குத் தேவைப்பட்டது. அது மிஷனிடம்தான் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்தக் கொண்டாட்டம் வெளியாட்களுக்குப் புரியாது.

தீவுகள் பிரிட்டிஷ் காலனியான குவீன்ஸ்லாந்தோடு இணைக்கப்பட்டதற்கும் சிப்பிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1872-இல் குவீன்ஸ்லாந்து தன் எல்லையைக் கரையிலிருந்து 60 மைல் வரை நீட்டியது. நல்ல பார்கள் பல அதற்கு வெளியே இருந்தன. உரிமக் கட்டணமும் சட்டமும் வேண்டாத படகுகள் அங்கே போய்விட்டன. 1879-இல் மீதித் தீவுகளையும் சேர்த்து இணைத்துக்கொண்டது. 1881-இல் சிப்பிக்கும் கடல் அட்டைக்கும் தனிச் சட்டம், படகுக்கு உரிமம், ஆள் எடுக்க ஒப்பந்தம். வெறிச்செயல்கள் குறைந்தன. அதே வேளையில், தன் முன்னோர் கடலில் ஒருவன் சிப்பி எடுத்து விற்க அரசிடம் உரிமம் வாங்க வேண்டும் என்பதும் அன்றே தொடங்கியது. தீவுக்காரர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இனி வேலையின் தன்மை. முதல் சில ஆண்டுகள் வெறும் உடம்போடு முங்கியதுதான். நான்கைந்து பாகம் ஆழம், அதாவது ஏழு முதல் ஒன்பது மீட்டர். சிறு ஓடத்தில் ஆட்களை ஏற்றிப் பாருக்கு மேலே விடுவார்கள். ஒரு முங்கலுக்கு ஒன்றிரண்டு சிப்பி. பல முங்கல்களில் கை வெறுமையாகத்தான் மேலே வரும். கரையோரப் பார்கள் சீக்கிரமே வெறுமையாகின. ஆழத்துக்குப் போக 1870களில் செப்புத் தலைக்கவசமும் ரப்பர் பூசிய கித்தான் உடையும் ஈயக் காலணியும் வந்தன. மேலே படகில் இருவர் கைப்பம்பைச் சுழற்றுவார்கள். குழாய் வழியே காற்று இறங்கும். உயிர்க்கயிற்றைப் பிடித்து நிற்பவர் அந்த இழுப்பின் மொழியை அறிந்தவராக இருக்க வேண்டும். நீரோட்டம் பலமான கடல் என்பதால் படகை நங்கூரமிட்டு நிறுத்தாமல் ஓட்டத்தோடு மிதக்கவிட்டு, குளியாளி அடியில் அதோடு நடந்தபடியே சிப்பி பொறுக்குவார். ஓட்டம் கடுமையான நாள்களில் அடி கலங்கிவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதக் காலத்தைவிட, நடுவில் வரும் சிறிய ஓதக் காலத்தில் வேலை நன்றாக ஓடியதற்குக் காரணம் இது.

ஆழம் கூடக்கூட இன்னொரு எமன் வந்தான். அழுத்தத்தில் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் அது குமிழியாகி மூட்டையும் முதுகுத்தண்டையும் தாக்கும். கால் விழும், சிறுநீர் நிற்கும், பலர் அன்றிரவே இறப்பார்கள். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று ஏற வேண்டும் என்று ஹால்டேன் என்ற விஞ்ஞானி வகுத்த அட்டவணை 1908-இல்தான் வெளியானது. எருப் தீவை ஒட்டிய டார்ன்லி ஆழம் 40 பாகம், 70 மீட்டருக்கு மேல். அங்கே போய் மாண்டவர்கள் ஏராளம். அவர்களில் மிகப் பலர் ஜப்பானியக் குளியாளிகள். வாய்பென் என்ற தர்ஸ்டே தீவின் கல்லறைத் தோட்டத்தில் அவர்களின் வரிசைகளை இன்றும் காணலாம். ஜப்பானியர், மலாய்க்காரர், பிலிப்பினோக்கள், பசிபிக் தீவினர் மட்டுமல்லாமல் 1880களில் இலங்கையிலிருந்து சிங்களவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். 1899 மார்ச்சில் கேப் யார்க் கரையின் பாத்ரஸ்ட் குடாவில் நின்றிருந்த சிப்பிப் படகுக் கூட்டத்தை மஹினா புயல் அடித்து 300-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தப் பல இனத்துப் படகாட்கள்தான்.

தீவுக்காரர்கள் ஆழத்து உடைக்குப் பெரிதாக ஆசைப்படவில்லை. அதை ‘திறமைக் குறைவு’ என்று அன்றைய அதிகாரிகள் எழுதினார்கள், தவறான கணிப்பு. ஆழம் குறைந்த இடத்தில் குழுவாக முங்கினால் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கலாம், தோட்டத்தைப் பார்க்கலாம், சாவுச் சடங்குக்கும் விருந்துக்கும் திரும்பலாம். உயிரும் மிஞ்சும். இவ்வளவு நல்ல காரணங்கள் இருக்கும்போது 40 பாகத்துக்கு எவன் போவான்?

இந்த விருப்பத்துக்கு ஏற்ற வடிவம்தான் ‘கம்பெனிப் படகு’. 1890களின் இறுதியில் மபுயாக் தீவில் தொடங்கியது. ஒரு குலமோ ஊரோ சேர்ந்து ஒரு பாய்மரப் படகைத் தவணையில் வாங்கும். தாங்களே ஓட்டி, தாங்களே குளித்து, சிப்பி விற்ற பணத்தில் தவணை கட்டி, மீதியைப் பங்கு பிரித்துக்கொள்ளும். ஃபிரெடெரிக் வாக்கர் என்ற மிஷனரி 1904-இல் பப்புவன் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, படு தீவைத் தலைமையிடமாக வைத்து, படகுக்குக் கடன், நியாய விலைக் கடை, சரக்கு விற்பனை என்று இதை விரிவாக்கினார். வெள்ளைக்கார முதலாளியின் படகில் கூலிக்குப் போவதைத் தீவுக்காரர்கள் ‘மாஸ்டர் படகு’ வேலை என்றார்கள். தன் படகுக்கும் மாஸ்டர் படகுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க அந்தச் சொல்லே போதும். கம்பெனிப் படகு மட்டும் அவர்கள் கையில் விடப்பட்டிருந்தால் இந்த வரலாற்றின் பின்பாதி வேறாக இருந்திருக்கும்.

விடவில்லை. தர்ஸ்டே தீவில் அரசுப் பிரதிநிதியாக இருந்த ஜான் டக்ளஸ், பூர்வகுடியினரைக் ‘காக்கும்’ 1897-ஆம் ஆண்டுச் சட்டம் தீவுக்காரர்கள் மேல் பாயாமல் தடுத்து வைத்திருந்தார். 1904-இல் அவர் இறந்ததும் தீவுக்காரர்கள் அதன் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். ‘பாதுகாவலர்’ என்ற அதிகாரி வந்தார். படிப்படியாக நடைமுறை இப்படி ஆயிற்று: சிப்பியை விற்பது பாதுகாவலர் அலுவலகம். விற்ற பணத்திலிருந்து படகுத் தவணையும், கடலுக்குப் போகுமுன் எடுத்த மாவு, அரிசி, கயிறு, பாய்த்துணிக்கான பற்றும், தீவு நிதிக்கான பிடித்தமும் கழியும். மீதி, குளித்தவரின் கைக்குப் போகாது. அவர் பெயரில் உள்ள கணக்கில் ஏறும். கணக்கிலிருந்து எடுக்க அனுமதி வேண்டும். எடுத்தாலும் அதே கடையில் சாமானாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். விலை என்ன, எடை எவ்வளவு, கழிவு ஏன் என்று கேட்க வழியில்லை. 1912-ஐ ஒட்டி டிரோக்கஸ் சங்கு எடுக்கும் தொழில் சேர்ந்தது. ஆழமற்ற பவளப்பாறை மேல் கிடைப்பது, வேகவைத்துச் சதையை எடுத்துவிட்டு ஓட்டை விற்பது. அதன் கணக்கும் இதே பேரேட்டுக்குள் போயிற்று.

1930-இல் வாக்கரின் நிறுவனத்தை அரசே வாங்கிக்கொண்டதும் கடன் கொடுப்பவர், சரக்கு வாங்குபவர், கடைக்காரர், வங்கிக்காரர், காவல்காரர் ஐவரும் ஒரே ஆளானார்கள். படகு வேகமாக வேலை செய்யவில்லை, அடிக்கடி ஊருக்குத் திரும்புகிறது என்று தோன்றினால் படகையே பறிக்க முடிந்தது. தீவிலிருந்து தீவுக்குப் போக அனுமதிச் சீட்டு. மாலையானால் ‘பூ’ ஊதும், அதாவது சங்கு. அதன் பின் வீட்டை விட்டு வெளியே நடமாடக்கூடாது. அதிலும் கொடுமை பாருங்கள்: ஓடங்கள் வருவதை ஊருக்குச் சொன்ன அதே சங்கு, ஊரையே அடைத்து வைக்கும் மணியாக மாறியது.

1936 ஜனவரியில் அவர்கள் நிறுத்தினார்கள். புதிய பருவத்துக்குக் கம்பெனிப் படகுகளில் ஆள் சேர்க்க அதிகாரிகள் வந்தபோது தீவு தீவாகப் பெயர் கொடுக்க மறுத்தார்கள். ஏறத்தாழ 400 பேர், தீவுக்காரத் தொழிலாளர்களில் 70 விழுக்காடு. மொழி வேறான, முன்னாள் பகை உள்ள தீவுகள் ஒன்றாக நின்றன. தீவுக்குத் தீவு செய்தி கொண்டுபோன வலை எது என்று கேட்டால், அதே சிப்பிப் படகுகள்தான். கூலி உயர்வு மட்டும் அவர்கள் கோரிக்கை அல்ல. எங்கள் படகை நாங்கள் நடத்துவோம், எங்கள் பணத்தை நாங்கள் செலவழிப்போம், சங்கை நிறுத்துங்கள் என்பதுதான். நான்கு மாதம் நீடித்தது. சில தீவுகளில் அதற்கும் மேல். கைது நடந்தது, சிறை நடந்தது. கடைசியில் பாதுகாவலர் மாற்றப்பட்டார், மாலைச் சங்கு நின்றது, அனுமதிச் சீட்டு தளர்ந்தது. 1937 ஆகஸ்டில் மாசிக் தீவில் 14 ஊர்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். 1939-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைத் தனி மக்களாக ஏற்று, ஊர் மன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் கணக்கு அலுவலகம் போகவில்லை. பெயர் மட்டும் தீவுத் தொழில் வாரியம் என்று மாறியது. குவீன்ஸ்லாந்தில் 1939 முதல் 1972 வரை இப்படிப் பிடித்து வைத்த கூலிக்காகப் பூர்வகுடியினரும் தீவுக்காரர்களும் தொடுத்த வழக்கு 2019-இல் 19 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு முடிந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானியக் குளியாளிகள் முகாமில் அடைக்கப்பட்டார்கள், படகுகளை ராணுவம் எடுத்துக்கொண்டது. தீவுக்காரர்கள் 800-க்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்து, வெள்ளைச் சிப்பாயின் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வாங்கினார்கள். அதற்கும் ஒரு வேலைநிறுத்தம் செய்தார்கள். போருக்குப் பின் சிப்பி விலை ஏறியது. அப்போது தீவுக்காரர்களே தலைவர்களாகவும் குளியாளிகளாகவும் முன்னுக்கு வந்தார்கள். 1950களின் இறுதியில் பிளாஸ்டிக் பொத்தான் வந்தது, தொழில் சரிந்தது. மூன்று தலைமுறையை ஒரே சரக்கில் கட்டிப்போட்டிருந்ததால் வேறு வேலை தீவில் இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்குப் போய்க் கரும்பு வெட்டினார்கள், ரயில் பாதை போட்டார்கள். 1968 மே 8 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரே நாளில் 7 கி.மீ. தண்டவாளம் போட்டுச் சாதனை செய்த குழுவில் பெரும்பாலோர் தீவுக்காரர்கள். அப்படிப் போனவர்களில் மெர் தீவின் எடி மாபோவும் ஒருவர்; படகிலும் ரயில் பாதையிலும் உழைத்தவர். 1992 ஜூன் 3 அன்று வந்த அவருடைய நிலவுரிமை வழக்கின் தீர்ப்புதான் ஆஸ்திரேலியா ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்ற கோட்பாட்டை வீழ்த்தியது.

தொழில் விட்டுச்சென்றவற்றில் அழிவு மட்டும் இல்லை. படகுகளில் பல நாட்டார் பேசிய கலப்பு மொழி எருப், உகர், மோவாவின் செயின்ட் பால்ஸ் ஊர்களில் பிள்ளைகளின் தாய்மொழியாகி, இன்று யும்பிளாடோக் என்ற பெயரில் எல்லாத் தீவுகளையும் இணைக்கிறது. பசிபிக் தீவினரும் ஜப்பானியரும் மலாய்க்காரரும் மணம் முடித்துத் தங்கிய குடும்பங்கள் அங்கே தீவுக்குடிகளே. ஆனால் கௌராரெக் மக்கள் 1922-இல் துப்பாக்கி முனையில் கிரிரி தீவிலிருந்து மோவாவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். தங்கள் மண்ணின் மீதான உரிமையை 2001-இல்தான் திரும்பப் பெற்றார்கள்.

கடல் உரிமை அதற்கும் பிந்தியது. 2001-இல் தொடுத்த வழக்கில், 37,000 சதுர கி.மீ.க்கு மேற்பட்ட கடலில் மீன், சிப்பி எடுக்கும் பாரம்பரிய உரிமை கோரப்பட்டது. சொந்தத் தேவைக்கு எடுக்கலாம், விற்பதற்கு முடியாது என்றன அரசுகள். குடியேற்றக் காலத்திலிருந்து வந்த உரிமச் சட்டங்கள் விற்கும் உரிமையை அழித்துவிட்டன என்று வாதிட்டன. 2013 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உரிமம் கேட்பது ஒரு தொழிலை ஒழுங்குபடுத்துவது. அதனால் உரிமை செத்துப்போவதில்லை என்றது. இன்று அந்தப் பார்களின் மேல் தீவுக்கார இளைஞர்கள் கல் இறாலுக்காக முங்குகிறார்கள். அவர்களில் பலர், தாத்தாமார் போலவே, வெறும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான்.